வெட்டுகிறவன், எடுக்கிறவன்

தினமும் பையில் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கூர்மையைத்தான் பார்க்கிறார்கள், சார். கட்டைவிரல் நுனியால் அலகை லேசாகத் தடவிவிட்டு, எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி தலையை ஆட்டுவார்கள். கூர்மையில் ஒன்றும் இல்லை. எந்தக் கத்தியும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூராகிவிடும். திறந்த பிறகு அது எப்படி நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்கள் முன்னால் பிளாஸ்டிக் உறையில் இருக்கும் இந்தக் கறுப்புக் கத்தி என் தம்பியுடையதுதானா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இந்நேரம் வீட்டில் இருப்பேன். வேலையில் நடந்த விபத்து என்று நீங்களும் ஃபைலைக் கட்டி வைத்திருப்பீர்கள். உங்களுக்கும் வேறு வேலை இருக்கும். ஆனால் ஆமாம் என்பது பாதிப் பதில்தான். பாதிகளோடு வாழ்ந்து எனக்கு அலுத்துவிட்டது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கத்தியை வாங்கியவன் நான். இதோடு இன்னொரு கத்தியையும் வாங்கினேன்.

நான் தார்ப்பாய் பட்டறையில் துணி வெட்டுகிறவன். லாரிக்குப் போர்த்துவது, கடை வாசலில் நிழலுக்கு இழுத்துக் கட்டுவது, பாதிக் கட்டடத்துக்கு மழை மறைப்பு என்று எல்லாமே எங்களிடம் உண்டு. ஜன்னலோரமாக நீளமான மேஜை ஒன்று இருக்கிறது. அதன் மேல் துணியை விரித்து, கோடு போட்டு, வெட்டித் தருவது நான். தைப்பதற்குப் பெண்கள் இருக்கிறார்கள். தைத்ததை வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஏணி போட்டு ஏறி, கம்பியில் கட்டிக் கொடுப்பவன் என் தம்பி. வெட்டுகிறவனை எந்த வாடிக்கையாளரும் பார்த்ததில்லை. கட்டுகிறவனுக்குத்தான் குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மேஜை எனக்குப் பிடித்திருந்தது. காலையில் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் துணிமேல் சாய்ந்து விழும்போது நெசவின் ஒவ்வொரு இழையும் தெரியும். அந்த நேரத்தில் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

என் பழைய கத்தியின் அலகு தேய்ந்து ஈர்க்குச்சியாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கக் கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பலகை மேல் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தார்.

ஒன்று கறுப்பு. இதோ, இதுதான். பிடியும் அலகும் கறுப்பு. சட்டைப்பையில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறந்துகொள்ளும். திறந்ததும் பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு டக்கென்று நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். அதுதான் பூட்டு. முட்டு இருக்கிற வரைக்கும் அலகு மடங்காது.

இன்னொன்று மரப்பிடி. இதைவிடச் சிறியது. பூட்டு கிடையாது, உள்ளே ஒரு வில் மட்டும்தான். இரண்டு கையும் வேண்டும், நகத்தைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். பார்த்தால் ஒன்றும் தோன்றாது. கையில் எடுத்தால்தான் தெரியும். விரல்கள் எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே மரம் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். மூடும்போது சத்தமே வராது, ஒரு பெருமூச்சு மாதிரி உள்ளே போகும்.

எது பிடித்தது என்று கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். "எதைப் போடட்டும்?" என்றார். நான் நின்றேன். பின்னால் ஒருவர் செருமினார். "சொல்லுங்க சார், எது வேணும்?" என்று கடைக்காரர் மறுபடி கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். தேர்ந்தெடுத்து எனக்குப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் அது என் வேலை இல்லை. கடைசியில் இரண்டையும் கட்டித் தரச் சொன்னேன்.

அது ஏன் என் வேலை இல்லை என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நாங்கள் சின்னப் பையன்களாக இருக்கும்போது எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்வோம். அம்மா ஒரு நாள் ஒரு ரொட்டியையும் கத்தியையும் என் முன்னால் வைத்து, "பெரியவன் வெட்டணும், சின்னவன் எடுக்கணும். இனிமே இந்த வீட்டுல இதான் சட்டம்" என்றாள். சமமாக வெட்டாவிட்டால் பெரியதைத் தம்பி எடுத்துக்கொள்வான், அதனால் நான் சமமாக வெட்டுவேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அம்மாவின் மூளையைப் புகழ்ந்தார்கள். நீங்களும் இப்போது மனசுக்குள் சரிதானே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். வெட்டுகிறவன் எவ்வளவு கண்ணும் கருத்துமாக வெட்டினாலும் அவனுக்குக் கிடைக்கக்கூடியது பாதிதான். கை கொஞ்சம் பிசகினால் பாதிக்கும் குறைவு. எடுக்கிறவனுக்குப் பாதிக்குக் குறையவே குறையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உலகத்தில் எல்லாப் பொருளும் ரொட்டி இல்லையே. ஒரு நீலச் சட்டையும் ஒரு சாம்பல் சட்டையும் வந்தால் எப்படி வெட்டுவது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். அவன் நீலத்தை எடுப்பான். ஜன்னல் பக்கக் கட்டிலும் கதவுப் பக்கக் கட்டிலும் இருந்தால் ஜன்னல் பக்கம் அவனுக்கு. அப்பா போன பிறகு அவருடைய சாமான்களை இரண்டு பங்காக வைக்கச் சொன்னாள் அம்மா. கைக்கடிகாரத்தை ஒரு பக்கமும், ரேடியோவையும் கருவிப் பெட்டியையும் நல்ல தோல் செருப்பையும் மறுபக்கமும் வைத்தேன். அந்தக் கடிகாரம் எனக்கு வேண்டும் என்பதற்காகவே மற்றதையெல்லாம் எதிர்ப்பக்கம் குவித்தேன். அவன் குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

ஒவ்வொரு முறையும் நான் சொன்னது "சரி". எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு நான்தான் மொத்தக் குத்தகை. ஒவ்வொரு முறையும் அம்மா என் தலையைத் தடவி, "என் பெரியவன் தங்கம். விட்டுக்கொடுக்கத் தெரிஞ்சவன்" என்பாள். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை சார். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். என் கையில் எது இருந்தது? கத்தி மட்டும்தான்.

தம்பி கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவனாக இருந்திருந்தால் நான் இளம் வயதிலேயே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். வாய் ஓயாமல் பேசுவான், சிரிக்க வைப்பான், தைக்கும் பெண்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வேனைத் திருப்பிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வருவான். அவன் உள்ளே வந்தால் பட்டறையே முகம் மலரும். நான் உள்ளே வந்தால் ரேடியோ சத்தத்தைக் குறைப்பார்கள்.

என் பையில் இரண்டு கத்தி இருப்பதை முதலில் கவனித்ததும் அவன்தான். சிறிது காலம் நான் ஒன்றை வலது பையிலும் ஒன்றை இடது பையிலும் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி உபயோகித்துப் பார்த்தேன். கயிறு, அட்டைப் பெட்டி, ரப்பர் குழாய் எல்லாவற்றையும் இரண்டாலும் வெட்டிப் பார்த்தேன்.

"என்னண்ணா, ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி முழிக்கறே? ஒண்ணை முடிவு பண்ணு" என்றான். தைக்கும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கண்டுபிடித்தது இதுதான். பூட்டு இல்லாத கத்தியிடம் கை பயத்தோடு நடந்துகொள்ளும். எந்த நிமிஷமும் மடங்கிவிடும் என்று விரலுக்குத் தெரியும், அதனால் குத்தாது, நெம்பாது, இழுத்து வெட்ட மட்டும் செய்யும். பூட்டு உள்ள கத்தியிடம் கை நம்பிக்கையோடு நடந்துகொள்ளும். அதனால் இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால், பூட்டு உள்ளதுதான் என்பேன். பூட்டு ஒழுங்காக இருக்கிற வரைக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் வேறு ஒரு இடத்தில் இரண்டாவது பட்டறை திறக்கப் போகிறார். இங்கே தினமும் வர முடியாது. அதனால் இங்குள்ள வேலையை இரண்டாகப் பிரித்து எங்கள் இரண்டு பேரிடமும் ஒப்படைக்க நினைத்தார்.

"உங்க வீட்டு வழக்கத்தைப் பத்தி உங்க தம்பி சொல்லியிருக்கார். ரொம்ப நல்லா இருக்கு. நீங்களே ரெண்டாப் பிரிச்சுடுங்க. அவர் எதை எடுத்துக்கறார்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். பெரிய நியாயத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

சரி என்றேன்.

உள்வேலை ஒரு பங்கு. மேஜை, வெட்டுவது, தையல் மெஷின்கள். வெளிவேலை ஒரு பங்கு. அதில் எதையெல்லாம் சேர்க்க முடியுமோ அதையெல்லாம் சேர்த்தேன். புது வேன், கூட இரண்டு ஆள், வாடிக்கையாளர்களோடு பேசும் பொறுப்பு, வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகலாம் என்ற சலுகை. தம்பிக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நாலு பேர் பார்க்க வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும். மேஜையோரத்தில் அவனால் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. இந்தத் தடவை வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியாக வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் இரண்டு பங்கையும் கேட்டான். பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "அண்ணா, முதுகு தாங்கலை. இனிமே ஏணி ஏற வேண்டாம்னு டாக்டரும் சொல்றாரு. நான் உள்ளேயே இருந்துக்கறேன். உனக்கும் வெளியில போனா நாலு மனுஷங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். எத்தனை நாளைக்குத்தான் இந்த ஜன்னலையே முறைச்சுட்டு நிப்பே?"

சரி என்றேன்.

பிறகு பட்டறைக் கழிப்பறைக்குப் போய்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டுச் சுவரில் குத்தினேன். ஒரு டைல் உடைந்தது. உள்ளுக்குள் எரிந்தது எனக்கு. அந்த மேஜையின் ஒவ்வொரு கீறலும் என்னுடையது. அந்த ஜன்னலில் கறை படிந்தால் துடைத்தவன் நான். தலை நரைத்த பிறகு நான் ஏணி ஏற வேண்டும், கீழே நிற்கும் கடைக்காரனிடம் பல்லைக் காட்ட வேண்டும், அவன் என் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு பெண்களைச் சிரிக்க வைப்பான். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "பாவம்டா, அவனுக்கு முதுகு வலி. நீதான் பெரியவன்" என்றாள். அவளுக்கு மதிய உணவுக்குப் பின் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் நான், கால் பிடித்துவிடுபவன் நான், அவளோடு ஒரே வீட்டில் இருப்பவன் நான். எப்போதாவது வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவனுக்கு முதுகு வலி.

உடைந்த டைலையும் மறுநாள் நானேதான் மாற்றினேன்.

இப்போது கத்திக்கு வருகிறேன். புது ஏற்பாடு அடுத்த மாதம்தான் ஆரம்பம், அதுவரை ஏணி ஏறுவது அவன்தான். அந்த வாரம் தம்பியின் கத்தி ஒரு கூரையிலிருந்து நழுவி சாக்கடையில் விழுந்துவிட்டது. அதில் எனக்குப் பங்கு இல்லை. தானாக விழுந்தது. என்னிடம் வந்து, "உன்கிட்டதான் ரெண்டு இருக்கே, ஒண்ணு கொடேன்" என்றான்.

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோர்க்க உலோக வளையங்கள் இருக்கும். மேலே ஏறிக் கட்டும்போது சில சமயம் வளையம் கம்பிக்கு நேராக வராது. புதிதாக ஒரு துளை போட வேண்டும். அதற்கென்று துளைக் கருவி இருக்கிறது. கீழே இறங்கி எடுத்து வர வேண்டும். அவன் இறங்க மாட்டான். துணியை மடித்துப் பிடித்து, கத்தி முனையால் ஒரு குத்து குத்தி, திருகுவான். ஏணியில் நின்றபடியே. குத்தும்போது அலகு எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று நினைத்துப் பாருங்கள். மடங்கும் பக்கம்தான். விரல்கள் இருக்கும் பக்கம். நான் பலமுறை கத்தியிருக்கிறேன். "குத்தாதேடா, மடங்கினா விரல் போயிடும்" என்று. "லாக் இருக்குண்ணா" என்பான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் மேஜையில், அந்த ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கறுப்புக் கத்தியின் பூட்டுத் தகட்டை அரத்தால் தேய்த்தேன். எங்கே, எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஃபைலை யார் யாரோ படிப்பார்கள். திறக்கும்போது டக் சத்தம் மட்டும் முன்போலவே வர வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன். வந்தது. மிச்சத் துணியில் இழுத்து வெட்டிப் பார்த்தேன், பாறை மாதிரி நின்றது. மடித்த துணியில் குத்தினேன். என் விரல்களை முன்கூட்டியே விலக்கி வைத்திருந்தேன்.

பக்கத்தில் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே, "என்னண்ணா, கத்திக்கு அலங்காரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் நினைத்தது விரல்களை மட்டும்தான். இரண்டு விரலின் நரம்பு போனால் போதும். வெட்டும் மேஜையில் நிற்பவனுக்கு வலது கை விரல்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் மேஜை யாருக்கு வரும் என்று முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிடும். அவனுக்கும் பேசுகிற வேலை, மேற்பார்வை பார்க்கிற வேலை ஏதாவது கிடைக்கும். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று கணக்குப் போட்டேன். ஏணியை நான் நினைக்கவில்லை.

நினைத்தேன். ஏணியையும் நினைத்தேன். அதை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்தக் கத்தியை அவன் பையில் திணிக்க நினைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சட்டப்படியே நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், அவன் எடுக்கட்டும். எப்போதும்போலப் பளபளப்பைப் பார்த்து எடுத்தால், அது அவன் ஆசை, அவன் பொறுப்பு. மரப்பிடியை எடுத்தால், கறுப்பைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஏணி ஏறப் போய்விடுவது. இதை எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். இதைவிட நியாயமாக ஒருவன் நடந்துகொள்ள முடியுமா? உங்களைத்தான் கேட்கிறேன்.

மறுநாள் சாயங்காலம், பட்டறை மூடும் நேரத்தில், இரண்டு கத்தியையும் மேஜையில் வைத்தேன். இடைவெளி விட்டு, பிடிகள் அவன் பக்கம் இருக்கும்படி. எப்போதும்போல அவன்தான் முதலில் எடுத்தான். அன்று கறுப்புக் கத்தி அவன் சட்டைப்பையில் வீட்டுக்குப் போனது, மரப்பிடி என் பையில் என்னோடு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. ஒரு மருந்துக்கடை வாசலுக்கு நிழல்துணி கட்டிக்கொண்டிருந்தான். வேன் டிரைவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர், ஒரு போன் வந்ததென்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறார். வளையம் நேராக வரவில்லை. தம்பி துணியை மடித்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தான், குத்தினான். டிரைவர் சொன்னார், "கத்தவே இல்லைங்க. 'ஐயோ'ன்னுகூடச் சொல்லலை. ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டான்" என்று. அடிபட்ட கையை அடுத்த கை தேடிப் போகும். அதை யாராலும் தடுக்க முடியாது. அந்த அடுத்த கைதான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பேசியிருக்கிறான். "அண்ணன் சொல்லிட்டேதான் இருந்தான், குத்தாதேன்னு. என் தப்புதான். அண்ணன்கிட்டச் சொல்லு, கத்தி மேல தப்பு இல்லைன்னு" என்றானாம். ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு நின்றுவிட்டது.

டிரைவர் இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏணியை விட்டு நகர்ந்தது தன் தப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தேற்றியவன் நான்தான். அவர் மேல் எந்த வழக்கும் வேண்டாம் சார்.

அப்பாவின் கடிகாரத்தை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்து, "இனி நீ கட்டிக்கோ" என்று என் கையில் கட்டிவிட்டாள். இதோ, பாருங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, அவன் பத்திரமாகவே வைத்துக்கொள்ளவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் உங்களிடம் ஆமாம் என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "தனக்குன்னு வாங்கின நல்ல கத்தியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான் என் பெரியவன். பாவம், அதுவே இப்படி ஆயிடுச்சு. அவன் எப்பவும் அப்படித்தான், எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துடுவான்." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையை அசைக்கிறார்கள். இப்படி ஒரு அண்ணன் கிடைக்க வேண்டுமே என்கிறார்கள். தம்பி மனைவி அழுது வீங்கிய முகத்தோடு என் காலடியில் உட்கார்ந்து, "நீங்க கத்தியை விட்டுக்கொடுத்தீங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா உங்களைப் பத்தியே பேசினார்" என்றாள். அந்தப் பெண்ணைத் தள்ளிவிடாமல் இருக்க நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஒரே ஒரு காரியம், என் ஆயுளில் ஒரே ஒரு காரியம் நான் விட்டுக்கொடுக்காமல் செய்தேன். அதையும் பிடுங்கி, துடைத்து, விட்டுக்கொடுத்ததாக மாற்றி மாலை போட்டு மாட்டிவிட்டார்கள். நாளைக்கு நான் செத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதனால்தான் சொல்கிறேன். யாராவது ஒருவர் இதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவனே எடுத்தான் என்றால், நான் விட்டுக்கொடுத்தேன் என்று அவன் ஏன் வீட்டில் சொல்ல வேண்டும்? கெட்டிக்காரர் நீங்கள். சரி, அந்தச் சாயங்காலத்தை இன்னொரு தடவை சொல்கிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் சுருக்கிவிட்டேன்.

இரண்டு கத்தியையும் வைத்தேன். அவன் முதலில் எடுத்தான் என்றேன், எடுத்தான். எடுத்தது மரப்பிடியை.

கறுப்பை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான். "இந்தத் தடவை நல்லது உனக்கு இருக்கட்டும்ணா" என்றான். மேஜையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "மேஜையும் வேண்டாம். காலையிலயே முதலாளியம்மாகிட்டச் சொல்லிட்டேன். எனக்கு ஏணி பழகிடுச்சு. முதுகுக்கு ஒரு பெல்ட் போட்டுக்கறேன். நீ இந்த ஜன்னலை விட்டுட்டு எங்கே போவே? சின்ன வயசுல இருந்து நானே நல்லதை எடுத்து எடுத்து... எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தெரியும்ணா" என்றான்.

பட்டறையில் யாரும் இல்லை. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதைத் தாண்டினால் சாக்கடை. நான் செய்த சத்தியம் எனக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பை எடுத்து அதில் வீசிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான். எடுப்பதும் அவன் இஷ்டம், கொடுப்பதும் அவன் இஷ்டம். இத்தனை வருஷம் தெரிந்தே எடுத்திருக்கிறான், இன்றைக்கு மனசு வந்து திருப்பித் தருகிறான், அதற்கும் நான் சரி என்று சொல்ல வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். என் மேஜைக்கு நான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் சிரித்தேன். அவன் கையிலிருந்து மரப்பிடியை வாங்கிக்கொண்டேன். கறுப்புக் கத்தியை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மூடினேன். "எனக்கு எதுக்குடா இந்த ஆடம்பரமெல்லாம்? உனக்குத்தான் பொருத்தமா இருக்கும். வெச்சுக்கோ" என்றேன்.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ மாறவே மாட்டியாண்ணா? கடைசி வரைக்கும் விட்டுக்கொடுத்துட்டேதான் இருப்பியா?" என்றான். கட்டைவிரலால் திறந்து பார்த்தான். டக்கென்று சத்தம் வந்தது. சின்னப் பையன் மாதிரி சிரித்தான்.

அவ்வளவுதான் சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். உள்ளே வரும்போது வாசலில் உங்கள் காவலர் என் பையைச் சோதித்து ஒரு கத்தியை வாங்கி வைத்தார். சின்னதாக, மரப்பிடி போட்டது. அதைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்காரர் எடுத்து வைத்த நிமிஷத்திலிருந்தே எனக்குப் பிடித்தது அதுதான்.